கோத்தகிரி வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: பழையதைத் தேற்றுவதா, மாற்றுவதா?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2012இல் வாங்கியது. இரண்டாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 போட்டு வந்தது, பிறகு 10க்கு மாற்றினோம். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்பில் தண்ணீர் வைத்தால், டீயை வடிகட்டிக் குடித்து முடிக்கும்போதுதான் திரையில் எல்லாம் வந்து நிற்கும். அதையும் பொறுத்துக்கொண்டு வருஷங்களை ஓட்டிவிட்டோம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. மகள் பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் எடுத்திருக்கிறாள். இனித் தள்ளிப்போட முடியாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் உட்கார்ந்து பேசினோம்.

ஒதுக்க முடிந்த தொகை 20,000 ரூபாய். பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த வருஷமாக இருந்திருந்தால் நேராகப் போய்ப் புது லேப்டாப் ஒன்றை வாங்கியிருப்போம். பணம் அளவாக இருந்ததால் ஒவ்வொரு வழியையும் விசாரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கோத்தகிரி, குன்னூர், மேட்டுப்பாளையம், கோவை காந்திபுரம் என்று இரண்டு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். இங்கே சொல்லும் விலைகள் 2025 நவம்பர், டிசம்பரில் எனக்குச் சொன்னவை. உங்களுக்கு மாறும், ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கடையில் முதலில் கேட்பது "எத்தனை ஜிபி வேணும் சார்?" என்பதுதான். மலையில் குடியிருப்பவர் அதற்கு முன்னால் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும். கரண்ட் போனால் அது என்ன ஆகும்? ஈரத்தைத் தாங்குமா? கெட்டுப்போனால் யாரிடம் கொண்டுபோவது? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தபோது, சமவெளியில் இருப்பவருக்கு நல்லதாகத் தெரியும் சில வழிகள் எங்களுக்கு ஒத்துவராமல் போயின. சமவெளியில் யாருமே சொல்லாத ஒன்று முன்னுக்கு வந்தது.

கரண்ட் விஷயம் இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் ஒரு சுற்று, ஐப்பசி மழையில் இன்னொரு சுற்று. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் வலுவாகப் பெய்யும். கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ கம்பி மேல் சாய்ந்துவிட்டால், லைன்மேன்கள் அந்த மழையிலேயே ஏறிச் சரிசெய்யும் வரை இருட்டுதான். கரண்ட் பட்டென்று போவதும், வந்து மறுபடி போவதும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் கோப்பு கெடும், சில சமயம் டிஸ்க்கே கெடும்.

ஈரம் இன்னும் மெதுவாக வேலை செய்யும். மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து பீரோவில் இருக்கும் துணியையும் புத்தக அட்டையையும் பூஞ்சை பிடிக்க வைக்கிறது என்றால், கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் விட்டுவிடுமா? ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்து போட்டால், ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ரேமைக் கழற்றி அதன் பொன்னிறக் கால்களைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைத்து மறுபடி மாட்டினால் உயிர் வந்துவிடும். இதை நான் ஏழெட்டு முறை செய்திருக்கிறேன். அப்படிக் கழற்றித் துடைக்க முடிகிற கம்ப்யூட்டரா, எல்லாம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த கம்ப்யூட்டரா என்பது எனக்கு முக்கியமான கேள்வியாக ஆனது இதனால்தான்.

மூன்றாவது தூரம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். பெரிய கம்பெனிகளின் சர்வீஸ் சென்டருக்குக் கோவைக்கே போக வேண்டும். கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் என்று இரண்டு நாள் வேலை போய்விடும்.

மலை உயரத்தில் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் போய்விடும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தப் பயம் வேண்டாம். டிஸ்க்கின் தலை ஒரு மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதந்துதான் படிக்கிறது, காற்று அடர்த்தி குறைந்தால் அதற்குச் சிரமம் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை சுமார் 3,000 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். எங்கள் குளிர் கம்ப்யூட்டருக்கு நல்லதே செய்கிறது, கோடையில் கீழே சூடாகித் தவிக்கும் பெட்டிகள் இங்கே நிம்மதியாக ஓடும்.

சரி, வீட்டில் யார் என்ன செய்கிறோம்? மகளுக்கு இந்த வருஷம் சி++, அடுத்த வருஷம் பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும். என் மனைவி மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறாள். நான் இலை எடைக் கணக்கு, வங்கி, மின்கட்டணம் இவற்றோடு சரி. அப்பாவின் வேலைதான் கனமானது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், சாதிச் சான்று என்று அக்கம்பக்கத்து மக்களுக்கு இன்றைக்கும் மனு அடித்துக் கொடுக்கிறார். எல்லாம் யுனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில், பழைய தட்டச்சு விசை அமைப்பில். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். அவருடைய விரல்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட நிபந்தனை.

முதலில் பார்த்தது பழையதையே தேற்றும் வழி. மார்க்கெட் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, இதுல ப்ராசஸர் நல்லாத்தான் இருக்கு. ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்குது. எஸ்எஸ்டி மாத்துங்க, வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீங்க." அவர் சொன்னது சரி. ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும், தலை நகர்ந்து போய் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கிறது, நேரமெல்லாம் அந்த ஓட்டத்தில் போய்விடுகிறது. எஸ்எஸ்டி என்பது சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க், அதில் சுழலும் பாகமே கிடையாது. அதனால் பழைய பெட்டிகளுக்கு ரேம் கூட்டுவதைவிட எஸ்எஸ்டி மாற்றுவதே கண்ணுக்குத் தெரிகிற பலன் தரும். மலைப் பாதையில் பஸ்ஸில் கொண்டுபோனாலும் குலுங்கிக் கெடாது. 256 ஜிபிக்கு 2,200 ரூபாய் சொன்னார்.

ஆனால் எஸ்எஸ்டி போட்டாலும் விண்டோஸ் கேள்வி அப்படியே நிற்கிறது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எங்களிடம் இரண்டுமே இல்லை. விண்டோஸ் 10ஐயே ஒரு வருஷம் நீட்டிக்க வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் பணமும் கட்ட வேண்டாம். இப்போது கையில் காசே இல்லை என்பவர்கள் இதைச் செய்துவிட்டு நிதானமாகத் தேடலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒரு வருஷத்துக்கு மட்டும்.

இன்னொரு வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ். பலர் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, ஏனென்றால் போடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். லினக்ஸ் மின்ட் 22இன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கினேன். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நெட் வந்தது, சத்தம் வந்தது, 2029 வரை இந்தப் பதிப்புக்குத் திருத்தங்கள் உண்டு. மகளின் பாடத்துக்கும் தடையில்லை, பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடநூலே விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸ் வகையையும் சேர்த்துத்தான் சொல்லித்தருகிறது. சி++, பைத்தான், மைஎஸ்கியூஎல் மூன்றும் லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தமிழ் எப்படி என்று கேட்பீர்கள். தமிழ்99 இருக்கிறது, ஒலிபெயர்ப்பு முறை இருக்கிறது, அப்பாவுக்கு வேண்டிய பழைய தட்டச்சு அமைப்பும் இருக்கிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் எல்லாம் பட்டியலில் வரும். பழைய எழுத்துருக் கோப்புகளை அப்படியே நகலெடுத்துப் போட்டால் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள் அவருடைய பழைய டாக் கோப்புகளைச் சரியாகத் திறந்தது. சில மனுக்களில் பத்தி இடைவெளி மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

இடித்தது பிரிண்டரில். எங்கள் பழைய லேசர் பிரிண்டர் லினக்ஸில் மூன்று மாலை போராடியும் அச்சடிக்கவில்லை. எச்பி பிரிண்டர் பெரும்பாலானவற்றுக்கு எச்பிலிப் என்ற இயக்கி சுலபமாக வேலை செய்கிறது, மற்றவற்றை வாங்கும் முன் அல்லது மாற்றும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். டாலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள், ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுபவர்கள் லினக்ஸுக்கு மாறினால் தலைவலிதான். அவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும்.

அப்புறம், 13 வயதான மதர்போர்டு என்பதை மறக்கக் கூடாது. எஸ்எஸ்டி போட்டதும் பறக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது பவர் சப்ளை போய்விடலாம். வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டராக அதை நம்பியிருக்க எனக்கு மனம் வரவில்லை.

புது லேப்டாப் பக்கம் போவோம். மலைக்கு லேப்டாப்தான் பொருத்தம் என்று முதலில் தோன்றும். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும், யுபிஎஸ் வேண்டாம், ரிப்பேருக்குக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். இந்த மூன்றும் பெரிய வசதிகள், மறுக்கவில்லை. ஆனால் 20,000க்குள் புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் இன்டெல்லின் மலிவு வகையான செலரான் ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி என்று வருகின்றன. இவற்றை வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். இஎம்எம்சி என்பது போர்டிலேயே பற்றவைத்த மெதுவான சேமிப்பு. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் சேர்ந்தே அந்த 64 ஜிபியில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். பெரிதாக மாற்றவும் முடியாது. புத்தம்புதிதாக வாங்கி ஒரே வருஷத்தில் பழைய கம்ப்யூட்டர் போல் உணர வைக்கும் பொருள் இது.

நல்ல புது லேப்டாப் என்றால் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. கோவையில் 33,000 சொன்னார்கள். மகள் கல்லூரிக்குக் கீழே போய் விடுதியில் தங்கப்போகிறாள் என்ற நிலைமை இருந்தால், கடன் வாங்கியாவது இதைத்தான் வாங்கியிருப்பேன். ஏஎம்டியின் ரைசன் 3 7320யு ப்ராசஸர் போட்ட லேப்டாப்பும் இதே விலையை ஒட்டி வருகிறது. அதில் ரேம் பற்றவைத்தே வரும், பிறகு கூட்ட முடியாது. அதனால் 8 ஜிபிக்குக் குறைவாக வாங்கக் கூடாது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை வேறு ஏறிவிட்டது. ஏஐக்காகக் கட்டும் தரவு மையங்கள் மெமரியை மொத்தமாக வாங்கிக்கொள்வதால் நம் ஊர்க் கடை வரை தட்டுப்பாடு தெரிகிறது. அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று குறைவான ரேமோடு வாங்குவது இப்போது லாபமில்லை.

அலுவலகங்கள் மூன்று நான்கு வருஷம் பயன்படுத்திவிட்டுக் கழித்த லேப்டாப்புகள் சுத்தம் செய்யப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் போன்றவை, எட்டாம் தலைமுறையில், 18,000 முதல் 21,000 வரை. கட்டுமானம் உறுதியானது. டி480இல் உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி ஒன்று. ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றலாம். நான் கிட்டத்தட்ட இதில் விழுந்துவிட்டேன். தடுத்தது பேட்டரி. பார்த்த மூன்றில் இரண்டு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. லேப்டாப்பை மலைக்கு நல்லதாக ஆக்குவதே பேட்டரிதான், அதுவே தேய்ந்திருந்தால் புதிதுக்கு மேலும் சில ஆயிரம். அதோடு அப்பாவுக்குச் சின்னத் திரையும் தட்டையான விசைகளும் ஆகாது. தனியாக விசைப்பலகை செருகி மேசையில் வைத்தால், அது மேசைக் கம்ப்யூட்டர்தானே?

அங்கிருந்துதான் சின்ன டெஸ்க்டாப் பக்கம் திரும்பினேன். வங்கிகளிலும் கம்பெனிகளிலும் மானிட்டருக்குப் பின்னால் மாட்டி வைத்திருப்பார்களே, ஒரு தடித்த புத்தகம் அளவே இருக்கும், அந்தப் பெட்டிகள். டெல் ஆப்டிபிளக்ஸ் 3060 மைக்ரோ, எச்பி எலீட்டெஸ்க் 800 ஜி4 மினி, லெனோவோ திங்க்சென்டர் எம்720கியூ எல்லாம் 2018ஐ ஒட்டி வந்த ஒரே வகுப்பு. ஐ5-8500டி ப்ராசஸர், ஆறு கோர், 35 வாட் வகை. விண்டோஸ் 11க்குத் தகுதி உள்ளது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 15,500 ரூபாய், கடையின் ஆறு மாத உத்தரவாதம்.

இந்தப் பெட்டியின் அருமை மலையில்தான் தெரியும். எடை ஒன்றரை கிலோவுக்குள். தோள்பையில் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் உட்காரலாம். உள்ளே பவர் சப்ளை கிடையாது, லேப்டாப் சார்ஜர் மாதிரி வெளியே ஒரு அடாப்டர். கரண்ட் ஏறி இறங்கி எது போனாலும் முதலில் போவது பெரும்பாலும் அந்த அடாப்டராகத்தான் இருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும். இதே கம்பெனிகளின் நடுத்தர அளவுப் பெட்டிகளும் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கின்றன, ஆனால் அவற்றின் பவர் சப்ளை அந்தந்த மாடலுக்கே உரிய வடிவம். போனால் கோத்தகிரியில் கிடைக்காது. சின்னதில் ரேம் லேப்டாப் வகை, கழற்றலாம், ரப்பரால் துடைக்கலாம். ஃபேன், எஸ்எஸ்டி, வைஃபை அட்டை எல்லாமே தனித்தனி.

கரண்ட் கணக்கையும் பார்த்தேன். தெரிந்தவரிடம் வாட் மீட்டர் வாங்கி அளந்ததில், நெட் பார்க்கும்போது பழைய பெட்டி 55 வாட், புதுச் சின்னது 15 வாட். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 12 யூனிட் மிச்சம். இலவச யூனிட்டுக்குள் நிற்கப் பார்க்கும் எங்கள் வீட்டுக்கு அது கணக்கில் வரும். அதைவிட முக்கியம் யுபிஎஸ். வீட்டு யுபிஎஸ்ஸில் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி, பெருக்கினால் 84 வாட் மணி. கையில் கிடைப்பது அதில் பாதியை ஒட்டித்தான், குளிரில் இன்னும் கொஞ்சம் குறையும். புது பேட்டரி போட்டுப் பார்த்தபோது பழைய பெட்டியும் மானிட்டரும் 20 நிமிஷம் தாங்கின. சின்னப் பெட்டி அதே மானிட்டரோடு முக்கால் மணிக்கு மேல் ஓடியது. ஒரு மனுவை அடித்து முடித்துச் சேமித்துவிட்டு நிதானமாக அணைக்க அது போதும். லேப்டாப்பின் பெரிய வசதியில் பாதி இதிலேயே கிடைத்துவிட்டது.

வாங்கும்போது ஏமாறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் "ஐ5, விண்டோஸ் 11 போட்டிருக்கு, ஒன்பதாயிரம்தான்" என்றார்கள். எண்ணைக் கேட்டேன். ஐ5-4570. கோட்டுக்குப் பின் வரும் முதல் எண்தான் தலைமுறை: 4570 என்றால் நான்காவது, 8500 என்றால் எட்டாவது. ஐந்து இலக்கமாக 10500 என்று வந்தால் பத்தாவது. நான்காம் தலைமுறையில் விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள். இன்றைக்கு ஓடும், ஆனால் அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. ஐ5 என்ற பெயரை மட்டும் கேட்டுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் செட்டிங்கில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து உரிமம் செயலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும், கம்பெனிப் பெட்டிகளில் அது போர்டோடு சேர்ந்தே வந்திருக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு ஆரோக்கியம் மிச்சம் என்று காட்டும். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் நுழைந்து பாருங்கள், பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்டு அதில் பூட்டிக் கிடந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம். அரை மணி நேரம் யூட்யூப் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். நான் இதையெல்லாம் செய்தபோது கடைக்காரர் கோபப்படவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அவரிடம்தான் வாங்கினேன்.

இதே அளவில் புத்தம்புதிய மினி பிசிகளும் வருகின்றன, இன்டெல் என்100 ப்ராசஸரோடு. 6 வாட் வகை, கரண்ட் இன்னும் குறைவு, புதிது என்ற நிம்மதி. எனக்குச் சொன்ன விலை 17,000. கரண்ட் சிக்கனமே முதல் கவலை என்றால், சோலாரில் ஓட்டுபவர் என்றால், இதுதான் சரி. நான் விட்டதற்குக் காரணம், பார்த்த பெட்டியில் ரேமுக்கு ஒரே இடம், பெயர் தெரியாத கம்பெனி, அடாப்டர் முனையும் வேறு. போனால் உதிரி பாகத்துக்கு எங்கே போவேன் என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேப்லெட்டில் விசைப்பலகை மாட்டி சி++ படிக்கவும் மனு அடிக்கவும் முடியாது என்று இல்லை, வருஷம் முழுக்க அப்படிச் செய்ய முடியாது. குரோம்புக் நெட்டிலேயே எல்லாவற்றையும் செய்பவருக்கு நல்லது, 2021க்குப் பின் வந்தவற்றுக்குப் பத்து வருஷ அப்டேட் உண்டு, ஆனால் எங்கள் பிரிண்டரும் பழைய எழுத்துருவும் அதில் நடக்காது. கம்ப்யூட்டர் எங்கோ இருக்க, நெட் வழியாக டிவியில் ஓட்டும் மேகக் கம்ப்யூட்டர் சேவைகளும் வந்துவிட்டன. மரம் விழுந்தால் கரண்டோடு நெட்டும் போகும் ஊரில் அதை நம்பி வைக்க முடியாது. ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டர் பலகை கற்றுக்கொள்ள அருமையான பொருள், வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டராக அதை வைக்க மாட்டேன்.

முடிவில் நாங்கள் செய்தது இது. சின்ன டெஸ்க்டாப் 15,500. எங்கள் மானிட்டரில் பழைய விஜிஏ இணைப்பு மட்டும்தான், பெட்டியில் டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பு, அதனால் இடையில் ஒரு மாற்றி 600. யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி 1,100. மிச்சமிருந்ததில் 2,200க்கு எஸ்எஸ்டி வாங்கிப் பழைய பெட்டிக்குப் போட்டோம். இதுவரை 19,400. சின்னது மகளுக்கும் மனைவிக்கும் எனக்கும், பிரிண்டரும் அதில்தான். பழைய பெட்டி லினக்ஸ் மின்ட்டோடு அப்பாவின் மேசையில், மெக்கானிக் தம்பி 500 ரூபாய்க்குக் கொடுத்த பழைய மானிட்டரோடு. அடித்த மனுவைப் பென்டிரைவில் கொண்டுவந்து அச்செடுக்கிறார். ஸ்விட்சைப் போட்டு அரை நிமிஷத்தில் தட்டச்சைத் தொடங்கிவிடுகிறார். அந்தப் பெட்டி என்றைக்காவது நின்றாலும் வீட்டு வேலை நிற்காது என்பதால் அதன் வயதைப் பற்றி இப்போது கவலைப்படுவதில்லை.

ஈரத்துக்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வேலை இல்லாத நாளிலும் இரண்டையும் ஒரு மணி நேரம் ஓட விடுவது. உள்ளே உண்டாகும் சூடே ஈரத்தை உலர்த்திவிடும். சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், துணி போட்டு மூடுவது ஓடாத நேரத்தில் மட்டும். மார்கழியில் அதிகாலை பஸ்ஸில் பெட்டியை மேட்டுப்பாளையம் கொண்டுபோனால், போனதும் சுவிட்சைப் போடாதீர்கள். குளிர்ந்த இரும்பின் மேல் கீழ்க்காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டுப் பிறகு போடச் சொல்லுங்கள்.

கழற்றிய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை விற்கவில்லை. அதில் ஊர்க்காரர்களின் ஆதார் நகல், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கின்றன. சாதாரணமாக அழித்தால் மீட்டெடுக்க முடியும் என்பதால், ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு அப்பாவின் கோப்புகளுக்கு இரண்டாவது பிரதியாகப் பீரோவில் வைத்திருக்கிறோம், கூடவே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனுக்களைப் பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். மாற்றியில் போட்டால் பெரும்பாலும் சரியாக வருகிறது, கிரந்த எழுத்துகள் மட்டும் இடம் மாறுகின்றன. அதைப் பார்த்துத் திருத்த அப்பா பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். 2016 வரை முடித்துவிட்டார்கள்.